ஊக்கா, நாடாவா, வெல்க்ரோவா?

வீட்டில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் மளிகை, மருந்துச் செலவோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும்: டயாபர். கடையில் வாங்குவது ஒன்று 30 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு நான்கு மாற்றினால் 120, மாதத்துக்கு 3,600. 2025 செப்டம்பரில் இதன் மீதான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனாலும் மாதச் சம்பளமோ பென்ஷனோ இல்லாத வீட்டுக்கு இது பெரிய தொகை. போதாக்குறைக்கு, புதுச்சேரியின் கடலோரப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட டயாபர் தொடையிடுக்கில் வேர்த்துப் புண்ணாக்குகிறது. இரவுக்கும் பயணத்துக்கும் கடை டயாபர், பகலில் துணி என்று பிரித்துக்கொள்வது இதற்கு நல்ல வழி.

துணிக்குப் பஞ்சமில்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய வேட்டியை நாலைந்து மடிப்பாகத் தைத்தால் போதும். அதை இடுப்பில் நழுவாமல் நிறுத்துவதுதான் பாடு. பெரிய மார்க்கெட் பக்கம் தையல் சாமான் கடையில் போய் நின்றால் நாடா, ஊக்கு, பிரஸ் பட்டன், வெல்க்ரோ எல்லாவற்றையும் எடுத்துப் போடுவார்கள். எது உசத்தி என்று அங்கே கேட்டுப் பயனில்லை. மாற்றிவிடப் போகிறவர் யார், கட்டிக்கொள்பவர் மல்லாந்து படுப்பாரா, ஒருக்களித்தா, எழுந்து நடப்பாரா, துவைப்பது கையிலா மிஷினிலா என்பதையெல்லாம் வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போக வேண்டும்.

ஊக்கிலிருந்து தொடங்கலாம். அமெரிக்கரான வால்டர் ஹன்ட் 1849-ல் காப்புரிமை பெற்ற சேஃப்டி பின் அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. விலை குறைவு, இடுப்பளவு கூடினாலும் குறைந்தாலும் அதற்கேற்ப மாற்றிக் குத்தலாம், துணியில் எதையும் தைக்க வேண்டியதில்லை. ஆனால் குத்தினால் ‘ஆ’ என்று சொல்லக்கூடியவருக்குத்தான் ஊக்கு. பக்கவாதத்தில் ஒரு பக்கம் உணர்வு போனவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர், பல வருடச் சர்க்கரை நோயால் மரத்துப்போனவர் இவர்களுக்கு ஊக்கு திறந்துகொண்டு குத்தினாலும் தெரியாது. சர்க்கரை உள்ள உடம்பில் அந்தச் சின்னக் காயமும் எளிதில் ஆறாது. உப்புக்காற்றும் சிறுநீரும் சேர்ந்தால் சாதாரண ஊக்கு சீக்கிரமே துருப்பிடிக்கும்; துணியில் பட்ட துருக்கறை லேசில் போகாது. ஊக்குதான் என்றால், தலையில் பூட்டுள்ள பெரிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊக்காகப் பாருங்கள். துணிக்கும் தோலுக்கும் நடுவில் உங்கள் விரல்களை வைத்துக்கொண்டு, படுக்கைவாட்டில் குத்துங்கள். ஊக்கு துணியில் ஏற மறுத்தால் நுனியைச் சோப்புக் கட்டியில் ஒருமுறை செருகி எடுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மாற்றி முடித்ததும் ஊக்குகளை எண்ணி டப்பாவில் போடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மெத்தையில் தேடாமல் அவரைப் படுக்க வைக்காதீர்கள்.

வெல்க்ரோவின் கதை காட்டில் தொடங்குகிறது. 1941-ல் சுவிட்சர்லாந்துக்காரரான ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் தன் நாயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்ட காட்டுச்செடிக் காய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவற்றில் இருந்தவை நுண்ணிய கொக்கிகள். நம் ஊர் வரப்பில் நடந்தால் வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொள்கிறதே, அப்படித்தான். ஒரு பட்டியில் கொக்கி, மறுபட்டியில் பஞ்சு போன்ற வளையம் என்று அவர் செய்ததே இன்றைய வெல்க்ரோ. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர் தானே மாற்றிக்கொள்ள இதைவிட வசதி இல்லை. ஒரு கையால் நோயாளியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒட்டிவிடவும் முடியும்.

ஆனால் தைப்பதில் கவனம் வேண்டும். வயிற்றுப் பக்கம் வெளிப்புறமாகப் பஞ்சுப் பட்டியை நீளமாகத் தைத்து, பின்னாலிருந்து வரும் காதுகளில் முள் பட்டியை வைக்கச் சொல்லுங்கள். இடுப்பளவுக்கேற்ப எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். முள் பட்டி பஞ்சுப் பட்டியை விட்டுத் துளியும் வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் தொடையைச் சுரண்டிவிடும். துவைக்கப் போடும்போது இரண்டையும் ஒட்டி மூடிப் போடாவிட்டால் கூடக் கிடக்கும் துணியையெல்லாம் கீறி, நூலையும் முடியையும் வாரிக்கொள்ளும். அப்புறம் பிடிப்பு போய்விடும். இன்னொன்று சத்தம். பேரன் பேத்தி படுத்திருக்கும் அறையில் நடுராத்திரியில் ‘சர்ர்’ என்று பிரிக்கும்போது கூசிப்போகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்.

பிரஸ் பட்டனுக்குச் சத்தமும் இல்லை, முள்ளும் இல்லை. அமெரிக்காவில் மேரியன் டோனவன் குழந்தைகளின் டயாபருக்கு நீர்புகா உறை தைத்து 1951-ல் காப்புரிமை பெற்றார். அவர் ஊக்கை விட்டுவிட்டுப் பட்டனைத்தான் வைத்தார். நடமாடுகிறவர்களுக்கும், மிஷினில் துவைக்கும் வீட்டுக்கும் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் பொருத்தம். பட்டன் உட்காரும் இடத்தில் தடித்த துணியை ஒட்டுப்போட்டுத் தைக்காவிட்டால் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வயிறு உப்புவதும் வற்றுவதுமாக இருப்பவருக்கு இரண்டு மூன்று வரிசை பட்டன் வேண்டும். இடுப்பெலும்பின் மேலேயே பட்டன் வந்தால் ஒருக்களித்துப் படுக்கும்போது அழுந்தும். நான்கு விரல்கடை முன்னால் தள்ளி வையுங்கள்.

கடைசியாக நாடா. அரைஞாணில் கோவணத்தைச் செருகியவர்கள் வழிவந்த நமக்கு இது புதிதல்ல. பக்கத்துக்கு இரண்டு ஜோடி, ஒன்று இடுப்பில், ஒன்று தொடைக்கு மேல். முக்கால் அங்குல அகலப் பருத்தி நாடாவாக இருக்கட்டும். கயிறு போல் மெல்லியது சதையில் பதியும். பருத்தி நாடா வெந்நீர், வெயில் எதற்கும் அஞ்சாது. உருவு முடிச்சாகப் போடுங்கள். நனைந்து இறுகிய முடிச்சைக் கத்தரிதான் அவிழ்க்கும். மிஷினில் போட்டால் நாடாக்கள் பின்னிக்கொள்ளும், வலைப்பையில் போடுவது நல்லது.

எதைக் கட்டினாலும் சில விதிகள் மாறாது. முடிச்சோ பட்டனோ முதுகுப் பக்கம் வரவே கூடாது. நாளெல்லாம் மல்லாந்து கிடப்பவருக்கு அந்தச் சிறு மேடே படுக்கைப் புண்ணுக்கு வழிசெய்யும். கட்டி முடித்தபின் இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அது மடங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்மருக்கோ அரசு பொது மருத்துவமனைக்கோ எக்ஸ்-ரே, எம்ஆர்ஐ எடுக்கக் கூட்டிப் போகும் நாளில் ஊக்கும் உலோகப் பட்டனும் வேண்டாம். மறதி நோயுள்ளவர் அடிக்கடி பிடுங்கி எறிகிறார் என்றால், அவர் கைக்கு எட்டாத பூட்டைத் தேடுவதற்கு முன் துணி நனைந்திருக்கிறதா, அரிக்கிறதா, இறுக்குகிறதா என்று பாருங்கள். வாயால் சொல்லத் தெரியாததை அவர் கையால் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, எழுந்திருக்க முடியாதவருக்கு நாடா, தானே மாற்றிக்கொள்பவருக்கு வெல்க்ரோ, நடமாடுபவருக்குப் பிரஸ் பட்டன் என்று தொடங்குங்கள். ஊக்கு அவசரத்துக்கு மட்டும், அதுவும் உணர்வு சரியாக உள்ளவருக்கு மட்டும். எடுத்ததும் ஒரு டஜன் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றைத் தைத்து, ஒரு வாரம் கட்டிப் பார்த்து, கட்டிக்கொண்டவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு மற்றதைத் தையுங்கள்.