தீபாவளியை ஒட்டி முயல் குட்டி ஈனலாமா? இணை சேர்க்கும் முன் நாளைக் கணக்கிடுங்கள்

2026-ம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8-ம் தேதி வருகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் வீட்டோடு நாலைந்து முயல் வளர்ப்பவர்கள் இந்தத் தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முயலின் சினைக்காலம் சராசரியாக 31 நாட்கள்தான். அக்டோபர் 8-ல் இணை சேர்த்த முயல், வெடிச் சத்தத்துக்கு நடுவில் குட்டி ஈன வேண்டியிருக்கும்.

நேரக் கட்டுப்பாடு முயலுக்கு உதவுமா?

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்கும் நேரத்துக்கு வரம்பு வைத்தது. சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. அதன்பின் தமிழகத்தில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும், இரவு 7 முதல் 8 மணி வரையும் வெடிக்கலாம் என்பது நடைமுறையானது. 2025 அக்டோபரில் தில்லி வட்டாரத்திலும் பசுமைப் பட்டாசுக்கு நீதிமன்றம் அனுமதி தந்தது. சிவகாசித் தொழிலுக்கு இது நல்ல செய்தி.

முயல் வளர்ப்பவர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பசுமைப் பட்டாசு என்றால் புகை குறைவு என்று பொருள். சத்தம் இல்லை என்று பொருள் அல்ல. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை விதியே அனுமதிக்கிறது. அடுத்தது, முயல் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் ஈனும். குட்டிக்குப் பால் கொடுப்பதும் நாளுக்கு ஓரிரு முறைதான், அதுவும் சில நிமிடங்களே. நமக்கு வசதியாக வைத்த அந்த இரண்டு மணி நேரம், முயல் நடமாடும் நேரத்திலேயே வந்து விழுகிறது. மிரண்ட தாய் பெட்டிக்குள் தாவிக் குட்டிகளை மிதித்துவிடும். பால் கொடுக்காமல் ஒதுங்கும். சில நேரம் குட்டியைக் கடித்தும் விடும். சினையின் கடைசி வாரத்தில் மிரட்சி கருச்சிதைவில் முடியலாம்.

எந்த நாட்களைத் தவிர்ப்பது?

செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 18 வரை இணை சேர்க்காதீர்கள். இந்த இடைவெளியில் சேர்த்தால் ஈற்று அக்டோபர் 29-க்கும் நவம்பர் 18-க்கும் இடையில் வரும். தீபாவளியன்று தாய் நிறைசினையாக இருக்கும், அல்லது குட்டிகள் பத்து நாள் கூட ஆகாமல் இருக்கும். மூன்று வாரம் பொறுப்பதால் ஒரு ஈற்று தள்ளிப்போகுமே தவிர நஷ்டம் பெரிதல்ல.

ஏற்கெனவே சினையாக இருந்தால், ஒரு வாரம் முன்பே கூண்டைத் தெருப்பக்கம் இல்லாத அறைக்கு மாற்றுங்கள். பண்டிகை நாளில் இடம் மாற்றினால் மிரட்சி கூடும். காற்று வரும்படி ஒரு பக்கத்தை விட்டு, மற்ற பக்கங்களைப் பருத்தித் துணியால் மூடலாம். விருதுநகரில் பங்குனிப் பொங்கலை ஒட்டியும் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறிய முயலுக்கு ஆபத்து அதிகம்

குழந்தைகள் விளையாட வாங்கும் சிறிய வண்ண முயல்களில் பிரசவச் சிக்கல் கூடுதல். முதல் காரணம் ஜோடி. சிறிய பெண் முயலை வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற பெரிய இன ஆணுடன் சேர்த்தால் குட்டி பெரிதாகி வழியில் சிக்கும். ஒன்றிரண்டு குட்டிகள் மட்டும் உருவானாலும் அவை பெருத்துவிடும். குள்ள இனத்தில் தாய், தந்தை இரண்டுமே குள்ள மரபணுவைச் சுமந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி மிகச் சிறிதாகப் பிறந்து சில நாட்களில் இறந்துவிடும். இது வளர்ப்பவரின் குறையல்ல. ஜோடியை மாற்றுவதே வழி.

இரண்டாவது காரணம், ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விடுவது. முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் சினைமுட்டை வெளிப்படும்; ஈன்ற அன்றே மறுபடியும் சினையாகிவிடும். ஆகவே ஈனும் முன்பே ஆணைப் பிரித்துவிடுங்கள். சிறிய இனமானாலும் 5 மாதத்துக்கு முன் இணை சேர்க்க வேண்டாம்.

வெயிலும் கொழுப்பும்

நம் மாவட்டத்து ஏப்ரல், மே வெயில் வெடியை விடக் கொடியது. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் பெருமளவு சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் தீவனம் எடுப்பது குறையும். கொழுத்த சினை முயல் கடைசி வாரத்தில் தீவனத்தை நிறுத்தினால், உடல் கொழுப்பு கரைந்து ரத்தத்தில் நச்சு சேரும். இதுதான் சினை நச்சு நோய். சோர்வு, தள்ளாட்டம், மூச்சில் ஒருவித வாடை தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. சினை முயலுக்கு அடர்தீவனத்தை அளவாகக் கொடுத்து, உலர்ந்த புல்லும் தண்ணீரும் எப்போதும் கிடைக்கும்படி வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போவது?

இணை சேர்த்த 12 முதல் 14-ம் நாளில், பழகிய கையால் வயிற்றைத் தடவினால் திராட்சை போல உருண்டைகள் தட்டுப்படும். சினை இல்லாமலே 16-18-ம் நாளில் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டினால் அது பொய்ச்சினை. உண்மைச் சினைக்கு 27-ம் நாளில் வைக்கோல் பரப்பிய பெட்டி வையுங்கள். ஈற்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதே வழக்கம். முக்கி முக்கியும் குட்டி வராவிட்டாலோ, 33-ம் நாளைத் தாண்டினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கையால் இழுக்காதீர்கள், ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரையை வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டு முயல் இறந்துவிடக்கூடும்.

அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இணை சேர்த்த தேதியைக் கூண்டிலேயே எழுதி மாட்டுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.