எந்த உயரத்தில் பறப்பது?



கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டை வீட்டிலிருந்து ஒழித்துவிட வேண்டும் என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறியதுண்டு. நானும் அக்கட்சியில்தான் இருந்தேன். சென்ற பள்ளி விடுமுறையில் என் அரைகுறை அறிவு என் மகன் முன்னிலையிலேயே வெளிப்பட்டுவிட்டது. அதன்பிறகு கட்சி மாறினேன்.

அவன் இரண்டாம் படிவ மாணவன். அவன் தேர்ந்தெடுத்தது போயிங் 707. 1958இல் பயணிகள் சேவைக்கு வந்த இந்த நான்கு இயந்திர ஜெட்டை, நம் எம்.எஸ்.ஏ. நிறுவனமும் 1972இல் இரண்டாகப் பிரிவதற்கு முன் இயக்கியிருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஏறக்குறைய 6,300 கிலோமீட்டர். எந்த உயரத்தில் பறக்கலாம் என்று கேட்டான். "உயரே போகப் போகக் காற்று மெலியும், தடை குறையும், எரிபொருள் மிஞ்சும். 37,000 அடிக்குப் போ" என்றேன், அறிவியல் ஆசிரியருக்குரிய மிடுக்கோடு.

தாங்கிகள் நிறைந்திருந்த விமானம் 33,000 அடியைத் தாண்டியதும் ஏற மறுத்தது. மூக்கு நிமிர்ந்தது, வேகம் குறைந்தது, இறக்கைகள் தாங்குவிசையை இழக்க, விமானம் சரிந்து விழுந்தது.

"நீங்கள் சொன்னதைத்தானே அப்பா செய்தேன்?" என்றான்.

நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மெலிந்த காற்று தடையைக் குறைப்பது போலவே இறக்கையின் தாங்குவிசையையும் இயந்திரத்தின் உந்துவிசையையும் குறைக்கிறது. மாக் எண்ணை மாற்றாமல் பறந்தால், விமானத்தின் எடை எந்த விகிதத்தில் குறைகிறதோ, அதே விகிதத்தில் காற்றழுத்தம் குறைந்த உயரமே அதற்கு ஏற்றது. 29,000 அடியைவிட 33,000 அடியில் அழுத்தம் ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவு. ஆகவே கீழே 140 டன்னாக இருந்த விமானம், மேலேயும் அதே நிலையில் பறக்க 116 டன்னாக இளைத்திருக்க வேண்டும். அந்த 24 டன் எரிபொருளையும் எரித்துத் தீர்க்கும்வரை பொறுக்க வேண்டும். அக்காலத்தில் 29,000 அடிக்கு மேல் 2,000 அடி இடைவெளி விதி இருந்ததால், கிழக்கு நோக்கிச் செல்வோர் 29,000, 33,000, 37,000 என்று படிப்படியாகவே ஏறினர்.

வேகத்திலும் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும். எனவே மாக் 0.80 என்பது 29,000 அடியில் மணிக்கு ஏறக்குறைய 877 கிலோமீட்டர். 37,000 அடியில் 850தான். அதே மாக் எண்ணோடு மேலே போனால் மெதுவாகிறோம்! மிகச் சிக்கனமான வேகத்தைக் காட்டிலும் சற்று விரைந்து சென்றால், சிக்கனத்தில் நூற்றுக்கு ஒன்றை இழந்து, வேகத்தில் மூன்று முதல் ஐந்து வரை பெறலாம். இதை நெடுந்தூரப் பயண வேகம் என்கிறார்கள்.

என் கருத்து இதுதான். பிள்ளைகள் புதிய விமானங்களைவிடப் பழைய ஜெட்டுகளையே ஓட்டட்டும். புதியவற்றில் ஏற்ற உயரத்தைக் கணினியே திரையில் காட்டிவிடுகிறது. பிள்ளை பொத்தானை அழுத்துகிறான், அவ்வளவுதான். 707இலோ எடையைக் கணித்து, அட்டவணையைப் பார்த்து, தானே முடிவெடுக்க வேண்டும். நம் பாடநூல் விழுக்காட்டுக் கணக்குகளில் மாம்பழங்களின் எண்ணிக்கை கணக்குப் போட்டு முடியும்வரை மாறுவதில்லை. இங்கோ விடை கண்டுபிடிப்பதற்குள் எடை மாறிவிடுகிறது. தவறினால் சிவப்பு மை இல்லை, விமானம் விழுகிறது.

நள்ளிரவுவரை திரையின் முன் அமர்ந்திருப்பதைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. எங்கள் வீட்டிலும் பத்து மணிக்குக் கணினி அணைந்தாக வேண்டும். விமானம் கடல்மேல் இருந்தாலும் சரி. ஆனால் "இன்னுமா விளையாடுகிறாய்?" என்று கேட்பதற்கு முன் "ஏன் இந்த உயரம்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை தெரியாமல் விழித்தால், அப்போது கணினியை அணைக்கலாம்.

இப்போது அவன் விசைப்பலகையின் அருகே கோடிட்ட தாள் ஒன்று இருக்கிறது. மணிக்கொரு முறை எடையைக் குறித்துக்கொள்கிறான். நேற்று ஒரு புதுக் கேள்வி கேட்டான்: மேலே எதிர்க்காற்று பலமாக வீசினால், 4,000 அடி கீழேயே பறப்பது இலாபமா? இம்முறை நான் உடனே பதில் சொல்லவில்லை. தாளை வாங்கி வைத்திருக்கிறேன்.