புகை அடிக்க வருவினம், எண்ண வரமாட்டினம்

தம்பிக்குக் காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள் இரத்தம் சோதிச்சம். டெங்கு. அவன் வார்ட்டில சேலைனோட கிடக்கேக்கதான் எங்கட ஒழுங்கைக்குப் புகை அடிக்க வந்தவை. அம்மாவின்ர பூச்சாடித் தட்டைக் கவிட்டுப் பார்த்து அவவுக்கு ஒரு பேச்சும் குடுத்திச்சினம். பக்கத்தில வருசக்கணக்கா பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கேற்றை ஒருக்கா ஆட்டிப் பார்த்திட்டுப் போட்டினம். அந்த வளவுக்குள்ள மூடியில்லாத தண்ணித் தொட்டி இருக்கிறது ஒழுங்கையில எல்லாருக்கும் தெரியும்.

இதுக்குப் பேர் நுளம்புக் கட்டுப்பாடாம்.

புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும். தொட்டிக்குள்ள நெளியிற குடம்பியை அது தொடாது. டெங்கு நுளம்பின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐப்பசி மழை விழுந்து கிழமை, பத்து நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும். ஆள் வார்ட்டுக்குப் போன பிறகு புகையோடு வருவது பிந்திப் போன வேலை.

பிந்தாமல் இருக்க வேண்டுமென்றால் எண்ண வேண்டும். எத்தனை வீடு பார்த்தோம், அதில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் குடம்பி இருந்தது, எந்தெந்தப் பாத்திரத்தில் இருந்தது: ரயரா, பீலியா, தொட்டியா? பூச்சியியல் ஆட்கள் செய்கிற கணக்கு இதுதான். நல்ல கணக்குத்தான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கணக்கில் வருவது உள்ளே போய்ப் பார்த்த வீடுகள் மட்டும். பூட்டின வீடு பட்டியலிலேயே இல்லை. யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற வீடுகள் எத்தனை? அரைவாசியில் நிற்கிற கட்டடங்கள் எத்தனை? கேற்றைத் திறந்துவிட்ட அம்மாவுக்குப் பேச்சு, திறக்காதவருக்கு ஒன்றுமில்லை. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டில் குடியிருப்பவரை மட்டுமல்ல, உரிமையாளரையும் பொறுப்பாக்குகிறது. அது பூட்டின கேற்றுக்கு முன்னால் வந்ததும் ஏன் நின்றுவிடுகிறது?

"ஆள் காணாது" என்பார்கள். உண்மை. ஒரு பீ.எச்.ஐ. எத்தனை ஒழுங்கைக்கு ஓடுவார்? ஆனால் அதுதானே என் முறைப்பாடு. நோய் வந்தால் ஆளும் புகையும் வருகிறது, நோய் குறைந்தால் எண்ணுகிற வேலையைத்தான் முதலில் குறைக்கிறோம்.

இந்த நாட்டுக்கு இது புதிய பாடமும் இல்லை. 1963இல் இலங்கையில் மலேரியா நோயாளர் வெறும் 17 பேர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினோம். 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபக்கமும் பாருங்கள். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே ஆண்டு முடிவதற்குள் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. நகரத்துக் கிணற்றிலும் தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய நுளம்பு அது. உள்ளூரில் ஒரு மலேரியா நோயாளிகூட இல்லாத நேரத்திலும் யாரோ கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் பிடிபட்டது. அடுத்த வருடமே டெங்கு 1,86,000 பேருக்கு மேல் போட்டடித்து, நானூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது.

எங்களிலும் பிழை இருக்கு. யோக்கட் கோப்பையையும் சிரட்டையையும் எறியிறது நாங்கள்தான். பீ.எச்.ஐ.யைக் கண்டால் கேற்றைச் சாத்துறதும் நாங்கள்தான். அதுக்காகக் கேள்வி கேட்காமல் இருக்கேலாது.

கேட்கிறது மூன்றே மூன்று. மழைக்கு முதல், புரட்டாதியிலேயே எண்ணுங்கோ. பூட்டின வளவுகளைத் தனிப் பட்டியலாப் போட்டு, உரிமையாளருக்கு அறிவித்து, சட்டப்படி திறந்து பாருங்கோ. ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவின்ர கணக்கையும் எங்களுக்குத் தெரியிற மாதிரி ஒட்டுங்கோ. எங்கட ஒழுங்கையின்ர எண்ணிக்கை எங்களுக்குத் தெரியாமல், ஆரின்ர கோப்புக்குள்ள கிடந்து என்ன பிரயோசனம்?

தம்பி தப்பி வந்திட்டான். தொட்டி இன்னும் திறந்தபடிதான் கிடக்கு.