கதவு எண்ணில் கை வைக்காதீர்கள்

யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் சென்னை வீடுகளைப் பதிகிறவர்கள் பழைய எண்ணையும் பிளாக் எழுத்தையும் தூக்கிப் போட்டுவிட வேண்டுமாம். வீட்டுக்கு ஒரு கதவு எண், ஒரு தெருப் பெயர் போதும், மிச்சமெல்லாம் குப்பை என்கிறார் நண்பர் ஒருவர். சொன்னதோடு நில்லாமல் அழிக்கவும் தொடங்கிவிட்டார். மயிலாப்பூரில் ஒரு கூரியர் பையனோடு ஒரு தெரு நடந்திருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்காது.

மாநகராட்சி புது எண் கொடுத்ததுமே பழையது செத்துவிட்டது என்பது அவருடைய முதல் வாதம். எங்கே செத்தது? பத்திரத்தில் பழைய எண், ஆதாரில் புதிய எண், கேட்டில் இரண்டும். கல்யாணப் பத்திரிகையில்கூட ‘ப.எண் 14, பு.எண் 31’ என்று அச்சடிக்கிற ஊர் இது. அதே தெருவில் புதிய எண் 14 வேறொருவர் வீடு. ஒன்றை அழித்தால் பார்சல் அந்த வாசலில்தான் போய் நிற்கும்.

‘14/31’ என்று ஒரே கட்டத்தில் எழுதினால் தேடல் குழம்பும் என்கிறார். குழம்பத்தான் செய்யும். சிலர் பழையதை முன்னால் எழுதுகிறார்கள், சிலர் புதியதை. சில வீடுகளில் அந்தச் சாய்கோடு பாகம் பிரிந்ததைக் காட்டுகிறது. அதற்கு மருந்து தனித்தனிக் கட்டம். பிராக் நகரத்து வாசல்களில் பேட்டைப் பெயரோடு சிவப்புப் பலகை, தெரு வரிசை எண்ணோடு நீலப் பலகை என இரண்டு தொங்குகின்றன. சிவப்புப் பலகை எண் முறை 1770இல் மரியா தெரசா காலத்தில் வந்தது. செக் நாட்டு வரைபடக்காரர்கள் இரண்டையும் தனித்தனியே பதிகிறார்கள். தேடல் ஒன்றும் செத்துவிடவில்லை.

பிளாக் என்பது முகவரியே அல்ல என்ற வாதம்தான் உச்சம். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, பிளாக் எண், வீட்டு எண் என்ற வரிசையை 1962ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்படுத்தியது. தோக்கியோவில் தபால் நின்றா போய்விட்டது? அவ்வளவு தூரம் போவானேன், அண்ணா நகரில் ஆட்டோ ஏறி ‘மூன்றாவது தெரு’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். எந்த பிளாக் சார் என்று ஆட்டோக்காரர் கேட்பார்.

களத்தில் இருப்பதைப் பதிவதுதான் இந்த வரைபடத்தின் அடிப்படை விதி. நமக்குப் பிடித்த மாதிரி ஊரைத் திருத்தும் அதிகாரத்தை யாரும் நமக்குத் தரவில்லை. நண்பர் அழித்தவையெல்லாம் திருத்த வரலாற்றில் பத்திரமாக இருக்கின்றன. அவரே திரும்பப் போட்டுவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம்.