கன்னியர் சுமப்பது யாருடைய கடமை?

உத்தரகோசமங்கை என்றதும் நாட்டார் நினைவுக்கு வருவது மரகத நடராசர் சிலை. ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருக்கும் அச்சிலையை, மார்கழித் திருவாதிரையையொட்டிக் காப்புக் களைந்து காட்டுவது அவ்வூர் வழக்கம். அந்த ஒரு காட்சிக்காக இராமநாதபுரச் சீமையிலிருந்து மட்டுமன்றித் தமிழகத்தின் நாலா திசையிலிருந்தும் மக்கள் திரண்டு, பனியிலும் கூட்ட நெரிசலிலும் கால் கடுக்க நிற்கிறார்கள். நிற்பவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆண்டில் ஒரு நாள் மட்டுமே காணக் கிடைக்கும் பச்சைக் கல்லுக்காக இத்தனை ஏக்கம் கொள்ளும் நாம், ஆயுளில் ஒரு நாளும் எதையும் காண இயலாதவர்கள் நம் தெருவிலேயே இருப்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

பார்த்திருக்கிறோம், கோவில் வாசலில்! கை நீட்டினால் ஒரு காசு போட்டிருக்கிறோம். அத்தோடு நம் கடமை முடிந்தது என்று நடந்திருக்கிறோம். அந்த வாசலுக்குக்கூட வராத ஒரு கூட்டம் உண்டு. அவர்கள்தாம் பார்வையற்ற பெண் குழந்தைகள்!

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பார்வைக் குறைபாடு உடையோர் இந்தியாவில் 50 இலட்சத்துக்கு மேல் என்று கூறிற்று. அவர்களில் ஏறத்தாழ 24 இலட்சம் பேர் பெண்கள். இந்த 24 இலட்சம் பேரை நாம் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் பார்த்தோம்? பேருந்தில் எத்தனை பேர் பார்த்தோம்? வேலை செய்யும் இடத்தில் எத்தனை பேர் பார்த்தோம்? கண்ணில்லாத மகனைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துச் செல்லும் தகப்பன், கண்ணில்லாத மகளை உள்ளறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்துகிறான். கொடுமைக்காரன் என்பதால் சாத்தவில்லை. வாலிநோக்கத்து உப்பளத்தில் அவன் உப்பு வாருகிறான். மனைவி கரிமூட்டத்துக்கோ மிளகாய்க் காட்டுக்கோ போகிறாள். பகலெல்லாம் தனித்திருக்கும் பெண்ணுக்கு என்ன நேருமோ என்ற அச்சம் அவனைப் பிடித்து ஆட்டுகிறது. மூத்தவளுக்குக் கண் இல்லை என்று தெரிந்தால் இளையவளுக்கு மாப்பிள்ளை வராதே என்ற கவலை இன்னொரு பக்கம். அச்சமும் கவலையும் சேர்ந்து கதவுக்குத் தாழ்ப்பாளாகின்றன. வறுமை அந்தத் தாழ்ப்பாளுக்குப் பூட்டாகிறது!

அந்தப் பூட்டைத் திறக்க வந்தவர்கள் யார்? சர்க்காரா? செல்வச் சீமான்களா? மடாதிபதிகளா? தமிழ்நாட்டின் வரலாற்றைப் புரட்டினால், பெரும்பாலும் விடையாகக் கிடைப்பவர்கள் சமயப் பணிக்கென வாழ்வை ஒப்படைத்துவிட்ட பெண்களே! பாளையங்கோட்டையில் 1890இல் பார்வையற்றோர் பள்ளிக்கு வித்திட்டவர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார். சென்னை மாநகரில் லிட்டில் பிளவர் கான்வென்டில், பார்வையற்ற குழந்தைகளுக்கும் காதுகேளாத குழந்தைகளுக்கும் கத்தோலிக்கக் கன்னியர் தலைமுறை தலைமுறையாகக் கல்வி புகட்டி வருகிறார்கள்.

கன்னியர் நடத்தும் இத்தகைய விடுதிகளில் என்ன நடக்கிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சோறு போட்டுப் படுக்க இடம் தருவது மட்டுமே அங்கு வேலை என்று நினைத்தால் அது தவறு. வீட்டில் ஊட்டிவிட்டே வளர்த்த குழந்தைக்கு, தட்டில் சோறு எங்கே, குழம்பு எங்கே என்று விரலால் அறிந்து தானே உண்ணக் கற்றுத் தருகிறார்கள். தலை வாரவும், துணி துவைக்கவும், தாவணி உடுத்தவும் பழக்குகிறார்கள். வெள்ளைக் கோலைத் தரையில் தட்டி, எழும் ஓசையைக்கொண்டு சுவர் எது, வாசல் எது, படி எது என்று பிரித்தறியச் சொல்லித் தருகிறார்கள். அதன் பிறகுதான் எழுத்து.

அந்த எழுத்தின் வரலாறே ஒரு பாடம். பிரான்சு நாட்டில் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன் லூயி பிரெயில். மூன்று வயதில் தந்தையின் பட்டறைக் கருவி கண்ணில் பட்டுப் பார்வை பறிபோயிற்று. பார்பியே என்பவர் அமைத்த பன்னிரண்டு புள்ளி முறையை ஆறு புள்ளியாகச் சுருக்கி, 1824இல், பதினைந்தாம் வயதில், பிரெயில் ஒரு புதிய எழுத்தையே படைத்தார். படித்த பள்ளியிலேயே பார்வையுள்ள ஆசிரியர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். 1852இல் அவர் மறைந்து, ஈராண்டு கழிந்த பின்னரே பள்ளி அதனை முறையாக ஏற்றது! அந்த ஆறு புள்ளிகளில் இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான முறை 1951இல் வகுக்கப்பட்டது. பாரதி பிரெயில் என்பது அதன் பெயர். தமிழ்ச் சிறுமி இன்று தடவிப் படிப்பது அதைத்தான். துளைப் பலகையில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்துகிறாள். தாளைத் திருப்பி, புடைத்து நிற்கும் புள்ளிகளை இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்கிறாள். எழுதும்போது ஒரு திசை, படிக்கும்போது மறு திசை. கண்ணுள்ள நம் பிள்ளைகளுக்கு ஒரு மடங்கு உழைப்பு என்றால் அவளுக்கு இரு மடங்கு!

இந்த உழைப்புக்குப் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு பெயரைச் சொல்லுவோம். பெனோ செபின். முழுதும் பார்வையற்றவர். ரயில்வே ஊழியர் ஒருவரின் மகள். சென்னை லிட்டில் பிளவர் கான்வென்டில் படித்தவர். பின்னர் கன்னியர் நடத்தும் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றவர். 2013ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் இந்திய அளவில் 343ஆம் இடம் பெற்றார். 2015இல் இந்திய அயலுறவுப் பணியில் அமர்த்தப்பட்டார். முழுதும் பார்வையற்ற ஒருவர் அப்பணியில் சேர்ந்தது அதுவே முதல் முறை. தொழிலாளி வீட்டுப் பெண், கண்ணில்லாத பெண், நாட்டின் குரலாய்ப் பிற நாடுகளில் பேசச் சென்றாள்! அவளைப்போல் உள்ளறையில் பூட்டப்பட்டவர்கள் எத்தனை பேரோ, யார் கண்டார்கள்?

"கன்னியர் செய்வதெல்லாம் மதம் பரப்பத்தானே?" என்று கேட்போர் நம்மிடையேயும் உண்டு. கேட்கட்டும். கேள்வி கேட்பது குற்றமன்று. பிஞ்சு உள்ளத்தின் மீது எந்த மதத்தையும் திணிக்கக் கூடாது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. குழந்தைகள் தங்கும் எந்த இல்லமானாலும் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்துக்கு உட்பட்டு நடக்க வேண்டும். பதிவும் சோதனையும் இருக்க வேண்டும். காவியானாலும், சிலுவையானாலும், பிறையானாலும் இதில் விலக்கு யாருக்கும் கூடாது. ஆனால் கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: ஐயா, அவர்கள் மதத்துக்காகச் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் எதற்காகவும் செய்யவில்லையே! நள்ளிரவில் காய்ச்சலில் முனகும் கண்ணற்ற சிறுமியின் தலைமாட்டில் விழித்திருக்கிறவர், தம் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று எவரையும் பெறாதவர். பிள்ளை பெற்ற ஊர் உறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் காட்சிக்கு வெட்கப்பட வேண்டியவர் அவரா, நாமா?

கன்னியரின் தொண்டைப் பாராட்டுகிறோம். பாராட்டோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். கருணை எவ்வளவு உயர்ந்ததானாலும் அது கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. நன்கொடை வந்தால் அடுப்பெரியும், வராவிட்டால் அணையும். இடமிருந்தால் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் கை விரிப்பார்கள். அவர்கள் வேறென்ன செய்ய முடியும்? உரிமை அப்படிப்பட்டதன்று. அதைக் கேட்டு வாங்கலாம், மறுத்தால் வழக்காடலாம்.

இதை நன்குணர்ந்தவர் போலந்து நாட்டுக் கத்தோலிக்கத் துறவி ஒருவர். ரோசா சாட்ஸ்கா என்ற பெருங்குடிப் பெண், இருபத்திரண்டாம் வயதில் பார்வையை இழந்தார். அழுதுகொண்டிருக்கவில்லை. பிரெயில் கற்றார், 1911இல் பார்வையற்றோருக்கான சங்கம் கண்டார், 1918இல் துறவு மகளிர் சபை ஒன்றையே நிறுவினார், வார்சா நகருக்கு அருகே லாஸ்கியில் பள்ளியும் பட்டறையும் எழுப்பினார். பார்வையற்றவர் பிறர் கையை எதிர்பார்த்திராமல் சமுதாயத்துக்குப் பயன்படும் உழைப்பாளியாக வேண்டும் என்பதே அவர் கண்ட நெறி. கண்ணற்றவர் கண்ணற்றவருக்காக எழுப்பிய அந்த நிலையம் நூறாண்டைக் கடந்துவிட்டது. மதுரைச் சீமையிலும் அதே கதை உண்டு. பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தை நிறுவி, தம்போன்றோர்க்குப் பள்ளி நடத்திக் காட்டினார். இரங்கத்தக்கவர் என்று நாம் முடிவு கட்டியவர்கள், நமக்கே வழிகாட்டும் தலைவர்களாக நிமிர்ந்திருக்கிறார்கள்!

சட்டம் இன்று அவர்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையைக் குழந்தைக்கு வழங்குகிறது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு நான்கு இடம். அதில் ஒன்று பார்வையற்றோருக்கும் பார்வை குன்றியோருக்கும் உரியது. 2025 மார்ச்சு 3இல் உச்ச நீதிமன்றம், பார்வையற்றவர் என்ற காரணத்துக்காக ஒருவரை நீதிபதிப் பணிக்கு வராதே என்று தடுக்கக் கூடாதெனத் தீர்ப்பளித்தது. கண்ணைக் கட்டிய நீதி தேவதையின் மன்றத்தில் கண்ணற்றவர் அமரக் கூடாதென்று இத்தனை நாள் சொல்லி வந்ததுதான் வேடிக்கை!

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது; அது உத்தரகோசமங்கைக்கும் கீழக்கரைக்கும் பேருந்து ஏறி வர வேண்டும். அருகிலுள்ள பள்ளியில் சேரலாம் என்கிறது சட்டம். சேர்ந்தால், அங்கே பிரெயில் தெரிந்த ஆசிரியர் இருக்கிறாரா? பாட நூல் புள்ளியெழுத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறதா, ஆண்டு முடியும்போது வருகிறதா? சிறப்புப் பள்ளியில் சேரலாம் என்கிறது சட்டம். திருச்சி புத்தூரில் பார்வையற்ற பெண்களுக்கென்று அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, நல்லது. ஆனால் கடற்கரைக் குப்பத்துத் தாய், ஆறு வயது மகளை அத்தனை தூரம் அனுப்பிவிட்டு எப்படி உறங்குவாள்? எட்டும் தூரத்தில் விடுதியோடு கூடிய பெண்கள் பள்ளி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். பேசும் கணினி வேண்டும். அதற்கான மென்பொருளுக்குப் பெருஞ்செலவு ஆகும் என்று அதிகாரிகள் சாக்குச் சொல்ல இடமில்லை. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற திரைபடிப்பான் உலகமெங்கும் இலவசமாகவே கிடைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணை, விடுதியில் இனி இடமில்லை என்று பழைய உள்ளறைக்கே திருப்பி அனுப்பாதிருக்கத் தொழிற்பயிற்சியும் மகளிர் தங்கும் இல்லமும் வேண்டும். கூடை முடைவதும் நாற்காலி பின்னுவதும் மட்டுமே கண்ணற்றவர் தொழில் என்று எழுதிவைத்த தலைவிதியை அழித்தெழுத வேண்டும்.

சர்க்காரிடம் இவற்றைக் கேட்போம். அது வரை நாம் கைகட்டி நிற்பதா? தோழர்களே! உங்கள் கிளை உள்ள ஊரில் பார்வையற்ற பெண் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் நமக்கு இது பெரிய வேலையா? தேடுங்கள். கண்டதும் பெற்றோரிடம் பக்குவமாகப் பேசுங்கள், அதட்டாதீர்கள். இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே குழந்தையின் கண்ணைக் காட்டச் செய்யுங்கள். சில குறைகளை அறுவையால் போக்கலாம். நாள் கடந்தால் போக்க முடியாது. போக்க முடியாததென்றால் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற்றுத் தாருங்கள். அலுவலகத்துக்கு அலையும் ஒரு நாள் கூலி இழப்பை அந்தத் தகப்பன் தாங்க மாட்டான்; உடன் சென்று மனு எழுதிக் கொடுங்கள். பள்ளியில் சேரும் வரை விடாதீர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். வருமுன் காக்கக் கூடிய குருட்டுத்தன்மை பெரிதும் உண்டு. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழியே கரைந்து போகும். வேலியில் நிற்கும் முருங்கைக் கீரைக்கு அதைத் தடுக்கும் சத்து உண்டு. தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் தடுப்பூசி உண்டு. கண்ணில் புண் வந்தால் பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் விடும் பழக்கம் பார்வையைப் பறிக்கும். நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் பிறவிக் குறை மிகுகிறது என்பதையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மேடையில் முழங்கும் நேரத்தில் கால் மணியை இதற்கு ஒதுக்கினால் எத்தனையோ கண்கள் பிழைக்கும்.

கன்னியர் இதுவரை சுமந்தார்கள்; இனியும் சுமப்பார்கள். அவர்கள் தோளில் இருப்பது அவர்கள் சுமை மட்டுமன்று. சர்க்காரின் பங்கும், ஊரின் பங்கும், நம் பங்கும் அதில் சேர்ந்தே இருக்கிறது. நம் பங்கை இறக்கி வாங்கிக்கொள்ளும் நாள் வந்துவிட்டது. உள்ளறைக் கதவைத் தட்டுங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து போடப்பட்டதன்று. வெளியிலிருந்து நாம் போட்டது!