விசுவாசம் யாருடைய கடன்?

2023-இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணியுடன் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொள்ளாமல், தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்ட லமார் ஜாக்சன், பேராசையால் அணியின் எதிர்காலத்தையே தொங்கலில் விட்டார் என்பது ரசிகர் பலரின் வாதம். இது மூன்று இடங்களில் சறுக்குகிறது.

1. அமெரிக்கக் கால்பந்தில், ஜாக்சனைப் போல் தாக்குதலை வழிநடத்தும் குவார்ட்டர்பேக்கை அணி நீக்கினால், ஒப்பந்தத்தில் உத்தரவாதமில்லாத தொகையை அது பெரும்பாலும் தரவேண்டியதில்லை. ஒரு தரப்பு மட்டும் காட்டவேண்டிய விசுவாசம் எவ்வகை விசுவாசம்?

2. அந்த மார்ச்சில் அணி அவர்மீது 'பிரான்சைஸ் டேக்' உரிமையைப் பயன்படுத்தியது. அதாவது, ஒப்பந்தம் முடிந்த வீரரைச் சுமார் 3.24 கோடி டாலருக்கு ஓராண்டு தக்கவைத்து, வேறு அணி அவரை விரும்பினால் அதே விலையைத் தானே கொடுக்கவோ, விட்டுக்கொடுத்து இரண்டு முதல்சுற்றுத் தேர்வு வாய்ப்புகளைப் பெறவோ அணிக்கு வழிசெய்யும் ஏற்பாடு. கதவின் சாவி அணியிடம் இருக்கையில், உள்ளே நின்றவரைக் குற்றம் சொல்வது எப்படி?

3. முந்தைய பருவத்தில் முழங்கால் காயத்தோடு அவர் ஆடியிருக்க வேண்டும் என்றவர்களே, காயமடைபவருக்கு உத்தரவாதத் தொகை எதற்கு என்றும் கேட்டனர். முதல் கோரிக்கையின் ஆபத்தே இரண்டாவது கேள்விக்கு விடை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

பேராசையா? 2022-இல் மற்றொரு குவார்ட்டர்பேக்கான டெஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் வழங்கி விலையை உயர்த்தியது கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி. 2019-இன் மிகச்சிறந்த வீரராக ஒருமனதாகத் தேர்வான ஜாக்சன் அல்ல. ஏப்ரல் 2023-இல் ரேவன்ஸ் அணியே அவருக்கு ஐந்தாண்டுகளுக்கு 26 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.