வழியிலுள்ள ஏரி

கோடை விடுமுறைக்கு ஹவுராவில் வண்டியேறிச் சென்னை செல்லும் நம்மவர், ஒடிசாவில் பாலுகாவ், ரம்பா நிலையங்களுக்கிடையே இடப்புறம் கடல்போல் விரியும் நீர்ப்பரப்பைக் கண்டிருப்பர். அதுவே சிலிகா ஏரி. ஆண்டுதோறும் சன்னல் வழியே பார்த்துச் செல்லும் அவ்விடத்தில் இம்முறை இரண்டு நாள் தங்கினால் என்ன?

பூரிவரை இரயிலில் சென்று, அங்கிருந்து சுமார் 50 கி.மீ. சாலைவழி போனால் சாத்தபாடா என்னும் ஊர். அரசினரின் சுற்றுலா விடுதியும் படகுகளும் அங்குண்டு. திரும்பிக் குர்தாரோடு வந்து தெற்கே வண்டியேறலாம்.

குளிர்காலப் பறவைகள் கோடையில் இரா. ஆயின் ஐராவதி ஓங்கில்களைக் காணலாம். டால்பின் இனத்தைச் சேர்ந்த இவற்றுக்கு உருண்டைத் தலை, நீண்ட மூக்கில்லை. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்து உப்புநீர் குறைந்தமையால் மீன்வளம் குன்றியிருந்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டிய பின்னரே நிலைமை சீர்பட்டது.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூச்சுவிட நீர்மேல் வந்தே தீரவேண்டிய பிராணி ஓங்கில். இயந்திரப் படகின் சுழல்விசிறி பட்டால் அதற்கு உயிராபத்து. “இன்னும் கிட்டப் போ, கூடுதலாகத் தருகிறேன்” என்று படகோட்டியைத் தூண்டாதீர்கள். தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் பொறுமையுடன் காத்திருங்கள். நீர் சலசலத்து, சாம்பல் நிற முதுகொன்று எழுந்து மறையும். குழந்தைகளுக்கு அது போதும்.